'நம்மட' என்ற சொல்லுக்கு ஒரு சிவப்பு வட்டம்

என் மகள் எழுதிய கட்டுரை அவளுடைய தமிழ் மாஸ்டர் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அதில் மீன்குழம்பு மணந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நாற்றம் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாவடிப்பள்ளியில் பெரிய வயல்காரப் போடியார் ஒருவரின் களவெட்டியில் சூடடித்த நெல்லை மூடை மூடையாகச் சுமக்கத் தொடங்கி, கல்முனையில் சொந்தமாக அரிசி மில் போட்டேன். யாருடைய பரம்பரைச் சொத்தும் எனக்குக் கைகொடுக்கவில்லை. என் பெயரைச் சொன்னால் இறக்காமம் வரைக்கும் நெல் கடனுக்கு வரும். ஆனாலும் படித்தவர்களைக் கண்டால் எழுந்து நிற்பேன். அப்போது அப்படி ஒரு மரியாதை இருந்தது.

எண்பதுகளின் நடுவில் மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டுக்கு வாசல் நிலை வைத்தாகிவிட்டது. இறக்காமத்திலிருந்து நல்ல சம்பந்தமும் வந்திருந்தது. என் மனைவி படிப்பை நிறுத்தி நிக்காஹ்வை முடிக்கச் சொன்னாள். மகளோ பல்கலைக்கழகம் வரை போக வேண்டும் என்று நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து மாரடிக்க என்னால் முடியவில்லை. ஒரு தீர்ப்புச் சொன்னேன். தமிழ் மாஸ்டருக்கு அவள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க இருந்தாள். அதை வாசித்துப் பார்த்துவிட்டு, இவள் படிக்கக் கூடியவள் என்று அவர் சொன்னால் படிப்பு. இல்லாவிட்டால் கல்யாணம். நான் வாக்கு மாறாதவன் என்று ஊருக்கே தெரியும். அதனால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. பரிசளிப்பு விழா, கட்சிக் கூட்டம், கந்தூரி எதுவானாலும் மைக் அவர் கையில்தான். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்திலும் மேடைக்கு மேடை யுத்தக் கதை தொடங்கியிருந்தது. அவரும் பேசுவார். கழுத்து நரம்பு புடைக்கும், முன்வரிசைக்கு எச்சில் தெறிக்கும், சனம் கைதட்டும். பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வேலையும் அப்படித்தான்: யுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தலைவன் தன் சனங்களுக்குப் பேசிய பேச்சு ஒன்று, தமிழில் பெயர்த்தது. அது கேட்பவனை எப்படிப் பிடிக்கிறது என்று எழுத வேண்டும்.

மகள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். வெள்ளைக்காரனுக்கு 'வீ' என்று ஒரே சொல்தானாம். நமக்கோ இரண்டு. 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவன் வெளியே. பெயர்த்தவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, யுத்தம் செய்வதென்று முடிவெடுக்கிற இடத்தில் 'நாங்கள்' வருகிறது, பட்டினி கிடந்து சாகிற இடத்தில் 'நாம்' வருகிறது. அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் வோட்டுக் கேட்கிறவர் 'நம்மட ஊர், நம்மட ரோட்டு' என்கிறதையும், மழை இருட்டும்போது லொறியில் ஏறி நின்று 'நம்மட மூடை, நம்மட மில்' என்று வாப்பா சத்தம் போடுகிறதையும் எழுதியிருந்தாள்.

"என்ன வாப்பா, கோவமா?" என்று கேட்டாள்.

கோபமா, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்தவனை ஒரு நாட்டை ஆண்டவனுக்குப் பக்கத்தில் அல்லவா நிறுத்தியிருக்கிறாள். நான் அப்படிச் சத்தம் போட்டால் காய்ச்சலில் கிடக்கிறவனும் எழும்பி வந்து மூடை தூக்குவான். அது பொய்யில்லை.

கட்டுரை மாஸ்டரிடம் போனது. நோன்பு வந்து போனது, பெருநாளும் போனது. மகள் கேட்கும்போதெல்லாம் பார்க்கிறேன் என்றாராம். கடைசியில்தான் அந்த நாற்றத்தோடு வந்தது. முதல் தாளில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். அதன் பக்கத்தில் சிவப்பு மையால் இன்னொரு வட்டம். அவள் முதல் பந்தியிலேயே ஓரிடத்தில் 'நம்முடைய மொழியில்' என்பதை, பேசுகிறபடியே 'நம்மட மொழியில்' என்று எழுதிவிட்டாள். அந்த 'நம்மட'வைச் சுற்றித்தான் அந்த வட்டம். ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரு சொல். வேறு ஒரு கீறல்கூட இல்லை. புரட்டப் பார்த்தேன், தாள் வரவில்லை. சீனித் தேநீர் ஊறிக் காய்ந்து, முதல் தாளும் இரண்டாம் தாளும் ஒட்டிக் கிடந்தன.

மகள் அழவில்லை. "பிழையெண்டு சொன்னா நான் திருத்துவன் வாப்பா. வாசிச்சுப்போட்டுத்தானே பிழை சொல்லணும்" என்றாள்.

அஸர் தொழுதுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் கிடந்தார். வாயில் இருந்த வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு, "வாங்க முதலாளி" என்றார். கட்டுரை எப்படி என்று கேட்டேன். எல்லாம் பார்த்தேன் என்றார். பெரிய மனிதர்களின் பேச்சை அனுபவிக்க வேண்டுமாம், மீனைப் போல வயிற்றைக் கீறிக் குடல் பார்க்கக் கூடாதாம். பெண்பிள்ளைக்குக் கொச்சை இல்லாமல் நாலு வரி எழுத வந்தாலே காணுமாம், அதற்கு மேல் வேண்டாமாம். இரண்டாம் தாளில் ஒரு மில்காரனைப் பற்றி எழுதியிருக்கிறாளே, அது சரியா என்று கேட்டேன். "ஓம் ஓம், அதுவும் பார்த்தன்" என்றார். அந்த மில்காரன் அவர் முன்னால் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் பல்லில் இருந்த காவியைப் பார்க்கவே எனக்கு அருவருத்தது.

பிறகு குரலை இறக்கி, மேடையில் பேசுகிற மாதிரியே கையை விரித்தார். "நீங்க யோசிக்காதீங்க முதலாளி. இது நம்மட புள்ள. என்ன செய்யிறெண்டு நாம முடிவெடுப்பம்."

மகள் அப்போது மெதுவாகக் கேட்டாள்: "சேர், நீங்க இப்ப சொன்ன 'நாம'க்குள்ள நானும் இரிக்கனா?"

மாஸ்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் புள்ளைக்கு வாய் கூடிப்போச்சு. படிப்ப நிப்பாட்டி, கெதியாக் கட்டிக் குடுங்க."

தீர்ப்பு வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் கொடுத்த வாக்கு அவளுக்கும் தெரியும். வரும் வழியெல்லாம், இப்படிப்பட்டவன் கையிலா என் பிள்ளையின் தலைவிதியைக் கொடுத்தேன் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரைக் கண்டு எத்தனை தடவை எழுந்து நின்றிருப்பேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்று, மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மகள் உள்ளே போகப் பார்த்தாள். நான் அவளை நிற்கச் சொன்னேன்.

"மூடையத் தராசில வெக்காம நிறை சொன்னா, நம்மட மில்லுல அது நிறையா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அதெப்படி நிறையாகும்?"

"அப்ப மாஸ்டர் ஒண்டும் சொல்லல்ல."

அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். இரண்டு நாள் கறியில் உப்பில்லை.

அந்தக் கிழமையே இறக்காமத்துக்குப் போய் மாப்பிள்ளையின் வாப்பாவைக் கண்டேன். நல்ல மனிதர். தயிரும் சீனியும் வைத்து உபசரித்தார். மாஸ்டரின் தீர்ப்பை வைத்துத்தான் எல்லாம் என்று நான் சொன்னது அவருக்கும் எட்டியிருந்தது. என்ன முடிவு என்று கேட்டார். நான் வாக்கு மாறாதவன், அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"மாஸ்டர் இன்னும் வாசிக்கல்ல. அவர் வாசிச்சு முடிக்கட்டும், மறுகா கதைப்பம்."

மாஸ்டர் கடைசி வரைக்கும் வாசிக்கவில்லை. மகள் படித்துக்கொண்டே இருந்தாள்.