தெமோதரை வீட்டைத் தட்டிப் பார்த்த நாள்

அன்று காலையில் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. வாங்குவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பாஸையும் பேசியிருந்தேன். எங்கள் பக்கம் வீடு கட்டும் மேசனைப் பாஸ் என்றுதான் சொல்வோம். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தும் இருபது வருஷம் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக் காம்பராவிலேயே குடித்தனம் நடத்தியவனுக்குத் தனி வீடு என்பது சும்மா விஷயமா?

பஸ்ஸில் மனைவிக்கு ஒரே ஒரு புத்தி சொன்னேன். வீடு எவ்வளவு பிடித்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது, காட்டினால் விற்பவர் ஒரு சதம் குறைக்கமாட்டார். அவள் சிரித்தாள். ரகசியம் பேச அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. நாங்கள் சண்டை போட்டால்கூடக் காதோடு காதாகத்தான் போடுவோம்.

அவளுக்கு விலை பெரிதில்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடுதான் பெரிது. போன மழைக்கு எங்கள் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்து, சரிந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைகளோடு பாடசாலை மண்டபத்தில் இரண்டு வாரம் கிடந்தோம். மேடு சரியில்லை என்றால் தங்கத்தில் கட்டிய வீடானாலும் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். பாஸ் சுத்தியல் பிடியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனார். குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு வெடிப்பு. நான் பாஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே போய் அதே இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, பூச்சில் மட்டும்தான், கல்லில் இல்லை என்றார். பிறகு பின்பக்கம் போனவர் வரவே இல்லை. மேட்டில் ஏறினார், தண்ணீர் ஓடும் கானைக் காலால் கிளறினார், மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் போல நாங்கள் பின் அறை ஜன்னலில் நின்றோம்.

உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“அடியில பாறை இருக்குங்க. தண்ணியும் ஒழுங்கா ஓடுது. மண்சரிவு பாக்குற ஆபீஸ்ல ஒரு கடிதம் மட்டும் எடுத்துக்குங்க. மத்தபடி பயமில்ல.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மனைவி என் காதருகே வந்து முணுமுணுத்தாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பாஸ் சிரித்துவிட்டார்.

“ஏங்க இப்பிடி மெதுவாப் பேசுறீங்க? சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல. ஒரு எலுமிச்ச மரந்தான் நிக்குது.”

அவள் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு, நான் சொன்ன புத்தியெல்லாம் காற்றில் பறக்க, வாய்விட்டுச் சொன்னாள்.

“எனக்கு இந்த வீடுதான் வேணும்.”

வாசலில் நின்ற வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். விலை ஒரு சதமும் குறையவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சந்தோஷத்தில் கண்தான் கலங்கியது. கல்யாணமாகி இருபது வருஷத்தில், ஒரு வீட்டுக்குள் அவளுடைய முழுக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.