கடைசி டிரிப் முடியற வரைக்கும்

எங்க டிரைவருக்கு டெப்போவுல "நிதானம்"னு பேரு. வளைவுல நின்னுக்கிட்டு வர்ற ஆளு கையில டீ இருந்தாலும் சிந்தாது, அப்படி ஓட்டுவாரு. ஸ்டாப்பைத் தவிர வேற எங்கயும் பஸ்ஸை நிறுத்தவும் மாட்டாரு. நான் அவருக்குக் கண்டக்டர். கத்திக் கத்தியே தொண்டை போன ஆளு நான். அவரோ பேசறதுக்குக் காசு கேப்பாரு.

போன மழைக்காலத்துல அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குச்சு. இதயம் தளர்ந்திருக்கு, உடம்புல நீர் தங்குதுன்னு டாக்டர் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. தினம் காலையில ஒண்ணு. வீக்கம் மளமளன்னு வடிஞ்சுது. ஆனா ஒரு நாள் பாதி வழியில, பெட்ரோல் பங்க் ஓரமா பஸ்ஸை நிறுத்திட்டு ஒண்ணுக்கு இறங்கி ஓடினாரு. பஸ்ஸே சிரிச்சுது. பின்சீட்டுல ஒருத்தன், "டிரைவருக்கும் ஒரு ஸ்டாப் போட்டுடுங்கப்பா"ன்னான். திரும்பி வந்தவரு முகத்துல ஈயாடலை.

அதுக்கப்புறம் பஸ் எங்கயும் அப்படி நிக்கலை. மாத்திரையை விட்டுட்டீங்களான்னு கேட்டேன்.

"மாத்திரையை விடலை தம்பி. தண்ணியைத்தான் விட்டுட்டேன். கடைசி டிரிப் முடியற வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது."

என்னமோ பெரிய மூளைக்காரர் மாதிரி சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "டாக்டரைக் கேட்டீங்களாண்ணே?"

"இதைப் போயி எப்படிக் கேக்கறது?"

கொஞ்ச நாள்லயே அவருக்கு உதடு வெடிச்சுது. கெண்டைக்கால் இழுக்குதுன்னு சிக்னல்ல குனிஞ்சு தேச்சுவிட்டுக்குவாரு. இறங்கறப்ப கதவைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நிப்பாரு. அண்ணி எனக்குப் போன் பண்ணி, "கட்டில்ல இருந்து எழுந்தா சுவத்தைப் பிடிக்கிறாரு தம்பி, சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. பயமா இருக்கு"ன்னாங்க. டிக்கெட் கிழிக்கறப்பல்லாம் என் பார்வை அவர் முதுகு மேலயே இருந்துச்சு. பஸ் நெறைய ஆளுங்க, அத்தனை பேரும் பிரேக்குல இருக்கற அந்த ஒரு காலை நம்பி உக்காந்திருந்தாங்க.

"நாளைக்கு டாக்டர்கிட்ட வரலைன்னா மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்"னு மிரட்டினேன்.

"லீவு அன்னைக்குப் போலாம் விடு"ன்னாரு.

லீவுக்கு முந்தின நாள், பாலத்து மேல பஸ் ஒரு குலுக்கு குலுக்குச்சு. அவர் கையில பஸ் குலுங்கி நான் பார்த்ததே இல்லை. நின்னவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னாடி ஓடினேன். பாலத்துச் சுவரை உரசிக்கிட்டு பஸ் நின்னுடுச்சு. அவரு தலை சாஞ்சு கிடந்தாரு, ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை அது மேலயே இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் என் மேல எரிஞ்சு விழுந்தாரு. "இந்த மாத்திரை தண்ணியோட உப்பையும் சேர்த்து வெளிய தள்ளும். தலை சுத்தினா, கால் இழுத்தா உடனே வரணும். எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு நாங்கதான் சொல்லணும். டூட்டிக்கு இடைஞ்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போடற நேரத்தையே மாத்திக் கொடுத்திருப்பேனே. இப்ப உப்பு கொறஞ்சு இதயத் துடிப்பு தாறுமாறா ஆயிருக்கு. பிழைச்சுக்குவாரு. ஆனா இனிமே பஸ் ஓட்டறது நடக்காது."

சாயங்காலம் அவரு கண்ணைத் திறந்தாரு. ரெண்டு வாய் தண்ணி கொடுக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. அண்ணி டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனாங்க. அவரு உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு என்னைப் பார்த்தாரு.

"டிரிப் முடிஞ்சுதா தம்பி?"

அண்ணி கையில இருந்து டம்ளரை வாங்கினேன்.

"முடிஞ்சுதுண்ணே. குடிங்க."