எங்கட ஊர்க் கோட்டை

அஜக்ஸிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகும் ரயிலில், பிரெஞ்சு வகுப்பில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸின் பழைய கோட்டை ஒன்றின் வரலாறு அது. முற்றுகைக்குப் பிறகு அரசன் அதை இடிப்பித்தான் என்பதோடு என் பேச்சு முடிந்தது.

அதைக் கேட்ட பக்கத்து இருக்கைத் தமிழ் அன்ரி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, உது எங்கட ஊர்க் கோட்டையெல்லோ."

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பிறந்து, பிரான்ஸில் அந்தக் கோட்டை இருந்த ஊரிலேயே வாழ்பவர். கனடாவிலுள்ள மகளைப் பார்க்க வந்திருந்தார்.

"இடிச்சதோட முடியேல்லை. அந்தக் கல்லை எடுத்துத்தான் சனம் வீடு கட்டினது. எங்கட குசினிச் சுவரும் அந்தக் கல்லுத்தான்."

இறங்கும்வரை கேள்வி மேல் கேள்வி கேட்டேன். வகுப்பில் தாளை மூடிவைத்துவிட்டு, அவருடைய சமையலறைச் சுவரிலிருந்தே தொடங்கினேன். தடுமாறினேன், ஆனாலும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எங்கோ பிறந்தவர் அந்த ஊரை 'எங்கட' என்றார். இத்தனை வருடம் இங்கிருந்தும் நான் ரொறன்ரோவை அப்படிச் சொன்னதேயில்லை.