கோட்டை வாசலைத் தாண்டாத சோறு

இரண்டு தவலையும் ஒரு வாடகை சைக்கிளும் வைத்துத் தொழிலை ஆரம்பித்தவன் நான். மூணாங்கிளாஸ் தாண்டவில்லை. பம்பாய் ஓட்டலில் எச்சில் தட்டு கழுவி, அப்படியே சமையலும் இந்தியும் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பாத்திர வாடகைக் கடை வைத்தேன், பந்தல் சாமான் சேர்த்தேன், சவுண்ட் செட் வாங்கினேன். சிங்கவரத்தில் நான் போட்ட முதல் பந்தலைக் காற்று தூக்கிப் பக்கத்துக் கொல்லையில் போட்டது. அந்தக் கொல்லையிலேயே கல்யாணத்தை நடத்திக் கொடுத்தேன். மச்சு வீடு கட்டினேன். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எண்பதுகளில் ஒரு மத்தியானம் கோட்டை வாசலில், நடுரோட்டில் போட்ட பந்தி. அதை மட்டும் எவனும் சொல்வதில்லை.

அந்த வருசம் மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, விலை இல்லை. தொண்டூர், சிங்கவரம் பக்கத்து விவசாயிகள் கூடி மறியல் என்றார்கள். கோட்டை உச்சியில் கறுப்புக் கொடி ஏற்றப்போகிறார்கள் என்றும் பேச்சு. கோட்டை மத்திய சர்க்கார் சொத்தாயிற்றே, அதைக் காக்க மத்திய போலீஸ் லாரி லாரியாக வந்து உள்ளே கூடாரம் அடித்தது. ஊரில் அதற்கு டெல்லி போலீஸ் என்று பேர். அவர்களுக்குச் சோறு போடும் வேலை யாருக்கு வந்தது? இந்தி பேசுகிற சமையல்காரன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார்?

சப்பாத்தி கேட்டார்கள். முதல் நாள் என் ஆட்கள் சுட்டதை வைத்து இடிந்த மதிலை அடைத்திருக்கலாம். அவர்களுடைய ஆபீசர் தொந்தி குலுங்கச் சிரித்து, சப்பாத்தி காலைக்கு மட்டும் போதும், மத்தியானம் சோறே போடு என்றார். நல்ல மனுசர். மறியல்காரர்களை அடிப்பீர்களா சாப் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். என்னை வாசல் வரைக்கும் கூட்டிப்போய் பூட்ஸ் நுனியால் கோடு கிழித்துக் காட்டினார். கோட்டுக்கு இந்தப் பக்கம் டெல்லி, கொடியோடு எவன் வந்தாலும் பிடிப்பாராம். அந்தப் பக்கம் ரோடு மெட்ராஸ் சர்க்காருடையதாம். அங்கே நம்ம ஊர் அதிகாரிகள் கேட்காமல் தன் ஆள் ஒருவன்கூட கால் வைக்க முடியாது என்றார். இத்தனை துப்பாக்கிக்கும் ஒரு கோடா என்று எனக்குத் தலை சுற்றியது.

கொடி ஏற்றப்போகிறவன் யார் என்று பார்த்தால் என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள். "எந்தம்பி வந்தா சோறு. இல்லன்னா நீயும் வராத."

மத்தியானம் கூட்டம் திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குத் திரும்பும் இடத்தில், வாசலுக்கு நேர் எதிரில் நின்றது. ஊர்ப் பக்கம் நம்ம லோக்கல் போலீஸ் லத்தியோடு வரிசை கட்டியது. எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு பழக்கம்: அடிதடி, போலீஸ், மாமியார் சண்டை எதுவானாலும் கோட்டை மலைக்கு ஓடுவான். பாறை இடுக்கில் புகுந்தால் எவன் பிடிப்பான்? பாட்டன் காலத்து நம்பிக்கை. அன்றைக்கும் எல்லார் கண்ணும் கோட்டை மேலேதான். ரோட்டில் நின்றால் டெல்லி தொடமுடியாது, உள்ளே ஓடினால் டெல்லி விடாது என்று தொண்டை கிழியச் சொன்னேன். மச்சான் திரும்பிப் பார்த்தான்.

"போ மாமா. நீ அவன் சோத்துக்காரன்."

சிரித்தார்கள். லத்தி வரிசை அசைந்தது. அந்த நேரம் பார்த்து என் மாட்டுவண்டி வந்தது, டெல்லிக்கு மத்தியானச் சாப்பாட்டோடு. வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். மாட்டை அவிழ்த்துவிட்டேன். ரோட்டில் பாயை உருட்டி, வரிசையாக இலை போட்டு, ஒவ்வொரு இலையிலும் தண்ணீர் தெளித்தேன்.

"எலை போட்டாச்சு. உக்காருங்கப்பா."

போட்ட இலையை மிதித்து ஓட எங்கள் பக்கத்தில் எவனுக்குக் கால் வரும்? முதலில் பெரிசுகள் உட்கார்ந்தன. அப்புறம் மல்லாட்டை மண்டி பாய்மார்கள், அப்புறம் வாலிபப் பசங்கள். உட்கார்ந்தவன் பந்தி முடியாமல் எழுந்திருக்க மாட்டான், அதுதான் மரியாதை. மச்சான் மட்டும் நின்றான். சாம்பார் அண்டா சுடுகிறது, துணி கொடுடா என்றேன். யோசிக்காமல் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தான். கறுப்புக் கொடி! அண்டாவை அதில் பிடித்து இறக்கினேன். சாம்பார் வழிந்த கொடியை எந்த உச்சியில் ஏற்றுவது? அவனும் உட்கார்ந்தான். முதல் கரண்டி அவனுக்குத்தான்.

வண்டிக்கு அந்தப் பக்கம் ஆபீசர் வந்து நின்றார், தன் போலீஸ்காரர்களுக்குச் சோறு எங்கே என்று.

"வாசலத் தாண்டாத சோறு, சாப். இது இன்னும் மெட்ராஸ் சோறுதான்," என்றேன் இந்தியில்.

அவர் பூட்சைப் பார்த்தார், அது கிழித்த கோட்டைப் பார்த்தார். தொந்தி குலுங்கியது. ஊறுகாயையாவது இந்தப் பக்கம் தள்ளு என்றார். டெல்லி அன்றைக்குக் காலையில் மிஞ்சின என் சப்பாத்தியை ஊறுகாயோடு கடித்தது.

சாப்பிடுகிறவனை எப்படி அடிப்பது? லோக்கல் இன்ஸ்பெக்டர் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தாசில்தார் ஜீப்பில் வந்தார், வந்தவருக்கும் ஒரு இலை போட்டேன். ரசத்துக்கு வரும்போது விவசாயிகளின் மனுவை வாங்கினார், மோருக்கு வரும்போது கலெக்டரிடம் பேசுகிறேன் என்றார். ஒரு மண்டை உடையவில்லை. மச்சானைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனேன். எனக்கும் சோறு கிடைத்தது.

பிறகு தாசில்தாருக்கு மாலை போட்டார்கள். போகட்டும். அந்த மச்சான் இன்றைக்கு மேடைக்கு மேடை, "டெல்லி போலீசையே வாசலில் நிறுத்தி, மக்களை நான்தான் உட்கார வைத்தேன்" என்கிறான், என் சவுண்ட் செட் மைக்கைப் பிடித்துக்கொண்டே. மச்சான், இதைப் படிக்கிறாயா? அடுத்த மேடையில் ஏறினதும், தொண்டையைச் செருமுகிறதுக்கு முன்னால், இலை போட்டது மாமா என்று சொல். சொல்லாவிட்டால் மைக்கைப் பிடுங்கி நானே சொல்வேன். ஒயர் என் கையில் இருக்கிறது.