முதற்பக்கத்துக்கு ஒரு முகம்

ஊரில் பத்து வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன் என்பதால், லண்டனுக்கு வந்த பிறகு எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் கல்வெட்டு எழுத என்னைத் தேடி வருவார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம் அது. நாலு தேவாரம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, மனைவி மக்கள் பெயரில் புலம்பல் பாட்டுகள், கடைசியில் நன்றி. முதற்பக்கத்தில் படம். அப்போது வடக்கு லண்டனில் ஆர்ச்வேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை. அங்கேயே அடித்துக் கொடுத்துவிடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். பெற்றோல் நிலைய யூனிபோமைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"தம்பியின்ர கல்வெட்டு, அண்ணை. படம் இல்லை."

தம்பிக்கு இருபது வயது. மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகில் போனவன். அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு செய்தியும் இல்லை. இடையில் தாயை இவர் லண்டனுக்கு எடுப்பித்துவிட்டார். இப்போது தமிழ்நாட்டு முகாம் ஒன்றிலிருந்து, அதே படகில் போய்த் தப்பிய ஒருவரின் கடிதம் வந்திருந்தது. படகு கவிழ்ந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார். உடல் கிடைக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால், கடிதம் வந்த நாளிலிருந்து முப்பத்தொரு நாளை எண்ணியிருந்தார்கள்.

"அவனை வரச்சொன்னது நான்தான்," என்றார் அவர். நான் கேட்காமலே சொன்னார்.

படம் ஏன் இல்லை என்பதை இரண்டு நாள் கழித்துத் தாய் சொன்னார். "ஆமி வீட்டுக்குள்ள வந்தால் படத்தைக் காட்டி, ஆர் இவன், எங்க இவன் எண்டு கேப்பாங்கள். எல்லாரும் எரிச்சவை. நானும் அடுப்பில போட்டன்."

"பள்ளிக்கூடத்தில எடுத்த படம்?"

"இப்ப அங்க பள்ளிக்கூடமே இல்லைத் தம்பி."

எனக்கு ஓர் ஓவியரின் நினைவு வந்தது. ஊரில் ஒரே பத்திரிகையில் வேலை செய்தோம். தொடர்கதைகளுக்கு அவர்தான் படம் கீறுவார். யாழ்ப்பாணத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் கீறிப் பழகியவர். அதனால் அவருடைய அரசர்கள் எல்லோரும் காலை அகட்டி, நாடியை உயர்த்தி நிற்பார்கள். 'உங்கள் அரசன் கப்பல் கொள்ளைக்காரன் போல நிற்கிறான்' என்று ஒரு வாத்தியார் எங்களுக்குக் கடிதம் எழுதினார். ஓவியர் அதை வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

லண்டனில் அவர் ஒரு ஹொட்டேல் சமையலறையில் கோப்பை கழுவினார். முருகன் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில், பழைய புத்தகக் கடை ஒன்றில், அந்தப் புத்தகம் போலவே இன்னும் பெரியதொன்றை வாங்கியிருந்தார். கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சாகசக் கதைகளுக்கும் சரித்திரக் கதைகளுக்கும் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய படங்கள். கப்பல் கொள்ளையர், காட்டு வில்லாளிகள், இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், குன்றில் வரிசையாக ஏறும் விடுதலைப் போர்ச் சிப்பாய்கள். ஒவ்வொரு வர்ணப் படத்தின் மேலும் ஒரு மெல்லிய தாள் கிடந்தது. அதைத் தூக்கினால் மட்டும் நிறம் தெரியும்.

"இவங்கள் அடி விழுந்ததைக் கீறமாட்டாங்கள்," என்று ஓவியர் எனக்கு ஒருமுறை காட்டினார். "அடி விழ முந்தின செக்கனைக் கீறுவாங்கள். மிச்சம் பாக்கிறவன்ர தலைக்குள்ள நடக்கும்."

ஒரு சனிக்கிழமை காலை தாயையும் மூத்த மகனையும் ஓவியரின் அறைக்குக் கூட்டிப்போனேன். ஓவியர் பென்சிலோடு உட்கார்ந்தார்.

"மூக்கு எப்பிடி அம்மா?"

"மூக்கு மூக்கு மாதிரித்தான்."

"நீட்டோ, சப்பையோ?"

"அளவான மூக்கு." அவருக்கு அழுகை வந்தது. "மீன்தலை எண்டால் அவனுக்கு உயிர். அதைச் சொல்லலாம். மூக்கை எப்பிடித் தம்பி சொல்லுறது?"

அப்போதுதான் ஓவியர் புத்தகத்தை எடுத்துத் தாயின் மடியில் வைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இந்த நெற்றி, இந்தத் தாடை என்று பொறுக்கிச் சேர்க்கலாம் என்பது ஓவியரின் யோசனை.

"இவன்ர தாடை மாதிரியோ?"

"ஐயோ, இவன் குடிச்ச வெறிக்குட்டி போலக் கிடக்கு."

"இவர்?"

"இவர் ஆர், யேசுநாதரோ?"

"இல்லையம்மா, ஒரு ராசா."

"எல்லாம் வெள்ளைக்காரர். என்ர பிள்ளை கறுவலெல்லே," என்று அவர் சிரித்தார். மூத்தவரும் சிரித்தார். அன்று அந்த அறையில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு தாளைத் தூக்கிய கையைத் தாய் கீழே விடவில்லை. படத்தில் ஒரு இளைஞன் தோளில் மூட்டையோடு கரையில் நிற்கிறான். ஒரு கால் தண்ணீருக்குள். சற்றுத் தூரத்தில் படகு காத்திருக்கிறது. அவனுடைய முதுகு மட்டுமே தெரிகிறது.

"இவன்தான்," என்றார்.

"அம்மா, முகமே தெரியேல்லை," என்றார் மூத்தவர்.

"நான் கடைசியாய் இப்பிடித்தான் பாத்தனான். திரும்பிப் பாப்பான் எண்டு நிண்டனான். பாக்கேல்லை." ஓவியரிடம் திரும்பினார். "இதையே போடுங்கோ. நீலச் சாரம். மடிச்சுக் கட்டியிருந்தவன்."

ஓவியர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். "கீறலாம். இதுதான் சரியான படம்."

மூத்தவரின் குரல் உயர்ந்தது. "முகம் இல்லாமல் கல்வெட்டோ? வாற ஆக்கள் என்ன கதைப்பினம்? நான் அவனை விட்டிட்டு வரேக்கை அவனுக்குப் பத்து வயது, அண்ணை. ஒரு முகத்தையாவது பாக்க வேண்டாமோ நான்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முதற்பக்கத்தில முகம் வேணும் அம்மா," என்றேன். "வாசிக்கிறவனுக்கு ஆர் எண்டு தெரியவேணும்."

ஊரில், புதிதாகச் சேரும் நிருபர்களுக்கு நான் சொல்லிவந்த வசனம் அது. அதே குரலில்தான் இங்கும் சொன்னேன். பத்திரிகைக்கு அது சரியான விதி. அந்தத் தாய்க்கும் அது சரியா என்று நான் யோசிக்கவில்லை.

"நீங்கள் படிச்சனீங்கள்," என்றார் அவர். "செய்யுங்கோ."

மூத்தவரை யன்னலுக்குப் பக்கத்தில் இருத்திக் கீறினார் ஓவியர். அண்ணன் தம்பிக்கு ஒரே சாயல்தானே என்பது கணக்கு. பத்து வயதைக் குறைத்தார், தலைமயிரை அடர்த்தியாக்கினார், கன்னத்தை ஒட்டவைத்தார். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு. நாடி சற்று உயர்ந்திருந்தது. தாய் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் திருத்தவில்லை. முடிந்ததும் "வடிவாய் இருக்கு," என்றார்.

எனக்குத் தேநீர் ஊற்றும்போது ஓவியர் மெதுவாகச் சொன்னார்: "நல்ல படம். ஆனால் ஆள் இல்லை."

முப்பத்தோராம் நாள் சட்டன் வீடு நிறைய ஆட்கள். கல்வெட்டைக் கையில் வாங்கியவர்கள் முதற்பக்கத்தைப் பார்த்து, "அச்சொட்டு அவன்தான்," என்றார்கள். அப்படிச் சொன்ன பலர் அவனைக் கண்டதில்லை. மூத்தவர் மட்டும் ஒரு மூலையில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். கீழே ஒரு சிவப்பு மின்விளக்கு.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு கலியாண அழைப்பிதழ் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். மத்தியானம் கழிந்திருந்தது. தாய் தனியே இருந்தார். தேத்தண்ணி தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லுவன். மூத்தவனிட்டைச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன் அம்மா."

"எனக்கு அவன்ர முகம் வருகுதில்லை."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"முந்திக் கண்ணை மூடினால் வரும். சாப்பிடேக்கை வரும், பஸ்ஸில இருக்கேக்கை வரும். இப்ப இவர்தான் வாறார்." கையால் சுவரைக் காட்டினார். "நல்ல பிள்ளை மாதிரித்தான் கிடக்கு. ஆனால் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறன்."

பிறகு, "இதைக் கொஞ்சம் கழட்டி வையுங்கோ. என்ர கைக்கு எட்டாது," என்றார்.

கதிரையில் ஏறிக் கழற்றினேன். சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது. அவர் அந்த இடத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையும் மடியில் இருந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். பத்து நிமிடமாவது இருக்கும். தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது.

கண்ணைத் திறந்தார்.

"என்ன நேரம் தம்பி?"

"மூண்டேகால்."

"மூத்தவன் நாலு மணிக்கு வந்திடுவான். மாட்டிவிடுங்கோ."

மாட்டினேன். அவர் எழுந்து இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு," என்றார்.