இங்கிலாந்து பிரிந்ததும் நாங்கள் போடிக்குப் போனதும்

காலை ஆறரைக்குப் பூப்பாறையில் ஜீப் ஏறினோம், நானும் பக்கத்து ஏலக்காட்டு லூர்துவும். எங்கள் மடியில் ஒரு சாக்கு ஏலக்காய். ஆளுக்கு நூறு ரூபாய், சாக்குக்கு ஐம்பது என்றார் டிரைவர்.

"சாக்கு சீட்டுலயா உக்காந்திருக்கு? எங்க மடியிலல்ல இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே ஐம்பதை விட்டுவிட்டார்.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் பில்லைப் பார்த்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். போடிக்கு இருபத்தாறு கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பயம் வளைவுக்கு இல்லை. முன்னால் கொடுத்த சாம்பிள் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டது என்று போடி ஏலக்காய்க் கடை முதலாளி போனில் சொல்லியிருந்தார். இந்தச் சாக்கும் விலை போகாவிட்டால் அவள் மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும்.

ஒன்பது மணிக்குக் கடையில் இருந்தோம். முதலாளி டீ வரவழைத்துவிட்டுப் பேசினார்.

"முன்னாடி ஐரோப்பாவுல ஒரு துறைமுகத்துல இறக்குனாப் போதும் ஆத்தா, அங்கிருந்தே இங்கிலாந்துக்கும் போயிரும். ஒரே டெஸ்ட்டு. இப்ப இங்கிலாந்துக்காரன் ஐரோப்பாக் கூட்டணியை விட்டுப் பிரிஞ்சுட்டான். அவனுக்கு ஒரு சட்டம், இவங்களுக்கு ஒரு சட்டம். வாங்குற ஆளுக ரெண்டு பக்கமும் நோண்டிப் பாக்குறாங்க. உங்க காயில பூச்சிமருந்து நிக்கிதாம்."

"பிரிஞ்சது அவங்க. எங்க சாக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் லூர்து.

மருந்து அவள் காட்டுடையது. செடியில் இலைப்பேன் விழுந்ததால் அடித்தாள். நான் அடிப்பதில்லை. வீம்பு என்பார்கள், இருக்கட்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் இரண்டு காட்டுக் காயையும் ஸ்டோர் என்கிற ஒரே உலர்த்தும் கொட்டகையில், ஒரே அடுப்புச் சூட்டில், ஒரே தட்டில் கொட்டித்தான் காயவைப்போம். காய்ந்தபின் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.

நான் மருந்து அடிக்காதது முதலாளிக்குத் தெரியும். என்னை மட்டும் பார்த்தார். "உங்க காயத் தனியாக் கொண்டாங்க ஆத்தா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்."

லூர்து டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். நான் என் டீயை முடித்தேன்.

"கலந்த காயைத்தான இத்தனை வருசமா வித்தீங்க. நம்ம நாட்டுச் சட்டத்துக்கு இது நல்ல காய்தான?"

"அதுல கொறையில்ல."

"அப்ப இந்தச் சாக்கை முழுசா எடுத்து வடநாட்டுக்கு அனுப்புங்க. என் தனிக் காய் அதுக்கப்புறந்தான்."

"வெல கொறையுமே."

"கொறையட்டும். ரெண்டு பேருக்கும் சேந்து கொறையட்டும்."

அவர் கணக்குப்பிள்ளையிடம் திரும்பினார். "இந்த ஆத்தாவை அனுப்பியிருந்தா இங்கிலாந்துப் பேச்சு என்னைக்கோ முடிஞ்சிருக்கும்." சாக்கை எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி ஜீப்பில் திரும்பினோம். மடியில் வெறும் சாக்கு, மடித்தபடி. மேலே ஏற ஏறக் குளிர் வந்தது. லூர்து இந்தத் தடவை சிலுவை போடவில்லை. பாதி மலை ஏறியதும் கேட்டாள்.

"அடுத்த பறிப்புல தட்டு ரெண்டாயிருமேக்கா. அடுப்புக்குக் கிட்ட யாரு தட்டு?"

கிட்டத்துச் சூட்டில்தான் காய் பச்சை மாறாமல் காயும், பச்சைக்குத்தான் விலை. இருவரும் கல்யாணமாகி மலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஸ்டோரில் காயவைக்கிறோம். இந்தக் கேள்வியை அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பெரிய நாட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் மேசை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, வருடக்கணக்கில் பேசுகிறார்களாம். ஏன் அவ்வளவு நாள் ஆகிறது என்று எனக்கு அந்த ஜீப்பில்தான் புரிந்தது.