மார்கழி வானத்தில் ஒரு சிவப்புத் திட்டு

என் மாமாவுக்கு வானத்துப் பைத்தியம். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் படம் பிடிக்கிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஒரு பக்கம் ஹைவே விளக்குகள், இன்னொரு பக்கம் தோல் பதனிடும் டேனரி விளக்குகள். பொழுது சாய்ந்தால் எங்கள் ஊர் வானம் கறுக்காது, டீ நிறத்துக்கு வரும்.

மாமா, அம்மாவின் தம்பி. அப்பா இறந்தபின் எங்களோடு வந்து இருந்தார். ஷூ கம்பெனியில் சாம்பிள் ஜோடிகளைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அம்மா அதே கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைப்பவள். அவள் தையலில்தான் எங்கள் வீடு ஓடியது.

அந்த மார்கழியில் மாமா தேடியது ஒரு நெபுலாவை, நட்சத்திரம் பிறக்கிற மேகத்தை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில், மணல் மூட்டைமேல் காமிராவை நிமிர்த்தி வைப்பார். அது தானாக வரிசையாய்ப் படம் எடுத்துக்கொண்டே போகும். மூன்று மாதமாகப் படத்தில் எதுவும் விழவில்லை.

"ஊரு வெளிச்சத்தக்கூட கம்ப்யூட்டர்ல கம்மி பண்ணிடலாம். மனைக்கு எதிர்ல நிக்குது பாரு, அந்த ஒரு லைட்டுதான் பேஜாரு" என்று தெருவிளக்கைக் காட்டிப் புலம்புவார்.

அம்மா விடவில்லை. "சாக்கடைக்குத் தோண்டி தெருவெல்லாம் பள்ளமா கெடக்குது. பொம்பளைங்க வேலை முட்ச்சி வர்ற நேரம். லைட்டு மேல கைய வெச்ச, இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

எங்கள் தெருவில் விளக்குப் போடுவது கம்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு. அது எங்கள் வீடு. வீட்டில் அது என் வேலை. தினமும் இருட்டும் நேரத்தில் கொம்பால் பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தள்ளிவிட்டு வருவேன். பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

அன்றும் போட்டேன். பிறகு மாமா டீ குடிக்க உள்ளே போனதும், மனையைத் தாண்டி ஓடி அணைத்துவிட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம்தானே என்று நினைத்தேன். பாவி, கம்பெனி வேன் வரும் நேரத்தை நான் நினைக்கவில்லை.

அம்மாவின் அலறல் கேட்டு மாமா ஓடினார். பள்ளத்திலிருந்து அவளைத் தூக்கியபோது வலது மணிக்கட்டு தொங்கியது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக, நான் தனியாக நின்றேன். மனைக்குப் போய்க் காமிராவைப் பார்த்தேன். கடைசிப் படத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு. விழுந்துவிட்டது! அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம் வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் காலை மாமா வெகுநேரம் காமிராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். 

கட்டுப் போட்ட கையோடு வந்த அம்மா என்னிடம்தான் முதலில் கேட்டாள். "நேத்து லைட்டு போட்டியாடி?"

"போட்டேம்மா" என்றேன். பொய் இல்லையே!

"நான்தாங்க்கா அமத்துனேன்" என்றார் மாமா.

அம்மா கத்தவில்லை. "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு அவர் சென்னைப் பக்கம் போய்விட்டார். கிளம்பும்போது ரகசியமாகக் கேட்டேன், "அந்தப் படம் மாமா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

தப்பித்தேன் என்ற நிம்மதியைவிட, வந்த படத்தை அழித்துவிட்டாரே என்ற ஆத்திரம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அழுதேன். அம்மாவின் எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. தையல் மெஷினிலிருந்து லேஸ் கோக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்து, போன மார்கழியில் அதே மனையில் என் காமிராவை வைத்தேன். நெபுலா விழவில்லை. ஆனால் ஒரு படத்தின் அடியில் விளக்குக் கம்பம், அதன் பெட்டி, இப்போதெல்லாம் விளக்குப் போடும் பக்கத்து வீட்டுப் பெண். முகம் கலங்கலாக இருந்தாலும் அவள்தான் என்று தெரிந்தது. அன்று அதே பெட்டிக்குக் கீழே கொம்போடு நின்றவள் நான்.

மூன்று மாதம் காத்துக் கிடைத்ததை மாமா ஏன் அழித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அம்மா இன்னும் அவரோடு பேசுவதில்லை. நானும் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.